வெட்கப்படத் தெரியாத பற்று

நாட்டுப்பற்று நல்லது, தேசியவாதம் கெட்டது என்று ஒரு சுலபமான பாகுபாடு புழக்கத்தில் இருக்கிறது. முதலாவது சொந்த நாட்டின்மேல் அன்பாம், இரண்டாவது அடுத்த நாட்டின்மேல் வெறுப்பாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைக்கூட இனம்பிரிக்க முடியாது. "நான் வெறுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு எந்தத் தேசியவாதியும் வருவதில்லை. எல்லாரும் அன்பால்தான் செய்கிறார்கள். எல்லை தாண்டிப் போய் ஒரு ஊரைக் கொளுத்திவிட்டு வந்தவரிடம் கேட்டாலும் தாய்நாட்டுப் பாசத்தைப் பற்றித்தான் கண்ணீரோடு பேசுவார், அந்தக் கண்ணீர் பொய்யும் இல்லை. கடைசியில் நமக்கு இருப்பது பற்று, எதிரிக்கு இருப்பது வெறி என்பதில் போய் முடிகிறது அந்தப் பாகுபாடு.

எனக்கு இதைவிட உருப்படியாகத் தோன்றும் சோதனை ஒன்று இருக்கிறது. தன் நாடு செய்த காரியத்துக்காக ஒருவரால் வெட்கப்பட முடிகிறதா? பெருமைப்பட யாருக்கும் வரும். விளையாட்டில் கோப்பை வாங்கினால் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்கிறோம், நாம் பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. விண்கலம் மேலே போனால் நெஞ்சு நிமிர்கிறது, அதில் நாம் ஒரு திருகாணிகூட முடுக்கியதில்லை. இதில் தப்பில்லை, மனித சுபாவம். ஆனால் அதே நாட்டு ராணுவம் எங்கோ ஒரு கிராமத்தைச் சுட்டுத் தீர்த்தது என்று செய்தி வரும்போது அந்த "நாம்" எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று பாருங்கள். அது அரசாங்கம் செய்தது, நமக்கென்ன என்பார்கள். இல்லை அப்படி நடக்கவே இல்லை என்பார்கள். அதுவும் இல்லை என்றால் அவர்களுக்கு அது வேண்டியதுதான் என்பார்கள். பக்கத்து வீட்டில் கைவைத்துவிட்டு வந்த பிள்ளையைப் பெற்றவள் காதைத் திருகி அந்த வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போகிறாள் என்றால் அவளுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். நாடு என்று வந்தால் மட்டும் அவளுக்குத் துரோகி என்று பெயர்.

இதற்கு எனக்குத் தெரிந்ததிலேயே முழுமையான உதாரணம் பிரான்சில் நடந்த டிரைஃபஸ் விவகாரம். அதை எல்லாரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், கடைசிவரை போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1894-ல் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற பீரங்கிப்படை கேப்டனை, ஜெர்மனிக்கு ராணுவ ரகசியங்களை விற்றார் என்று பிடித்தார்கள். அவர் யூதர். மூடிய அறையில் விசாரணை, குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்குக் காட்டாத ஆவணங்கள், ஆயுள் தண்டனை. 1895 ஜனவரியில் ராணுவக் கல்லூரி முற்றத்தில் எல்லார் முன்னாலும் அவருடைய சீருடைச் சின்னங்களைப் பிய்த்து, வாளை முறித்துப் போட்டார்கள். அவர் நான் நிரபராதி என்றும் பிரான்ஸ் வாழ்க என்றும் கத்திக்கொண்டே நின்றார். வெளியே கூட்டம் அவரைச் சாகடிக்கச் சொல்லிக் கத்தியது. அப்புறம் தென் அமெரிக்கக் கரையோரம் உள்ள டெவில்ஸ் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

1895-ல் ராணுவ உளவுப் பிரிவின் தலைவராக வந்த பிக்கார், வழக்குக்கு ஆதாரமாகக் காட்டிய கடிதத்தில் இருந்த கையெழுத்து டிரைஃபஸுடையது இல்லை, எஸ்டர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரியுடையது என்று மறு ஆண்டு கண்டுபிடித்தார். இந்தப் பிக்காருக்கும் யூதர்களைப் பிடிக்காது, அதை மறைத்தவரும் இல்லை. ஆனாலும் உண்மை என்னவோ அதைத்தானே சொல்ல முடியும் என்று மேலதிகாரிகளிடம் போனார். அவர்கள் வாயை மூடச் சொன்னார்கள், மூடவில்லை என்றதும் துனீசியாவுக்கு மாற்றினார்கள். பழைய தீர்ப்பைக் காப்பாற்ற ஹென்றி என்ற அதிகாரி ஒரு ஆவணத்தைப் புதிதாகப் பொய்யாகவே தயாரித்தார். 1898-ல் அது வெளியே தெரிந்ததும் காவலில் தற்கொலை செய்துகொண்டார். இந்த இடத்தில்தான் சார்ல் மோராஸ் என்ற இளம் எழுத்தாளர் மேடைக்கு வருகிறார். பொய் ஆவணம் தயாரித்தவரைத் தேசத்துக்காக உயிர் கொடுத்த தியாகி என்று புகழ்ந்து எழுதினார். ராணுவத்தின் மானம் போனால் பிரான்சின் மானம் போகும், ஆகவே ஒரு ஆள் தீவில் கிடந்து செத்தாலும் பரவாயில்லை. அவர்களுடைய வாதம் இதுதான், இதைப் பெரிய பெரிய படிப்பாளிகள் ஏற்றார்கள். மறுபக்கம், குடியரசுத் தலைவருக்குச் செய்தித்தாளில் திறந்த மடல் எழுதிய எமில் ஜோலாவுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள், அவர் இங்கிலாந்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

1906-ல் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. பலருக்கும் கதை இங்கே முடிகிறது. ஆனால் 1914-ல் போர் வந்தபோது, தன்னை அப்படி அவமானப்படுத்திய அதே ராணுவத்தில், ஐம்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் மறுபடி சேவைக்குப் போனார், போர்முனைவரைக்கும் போனார். மோராஸ் என்ன ஆனார்? நாற்பது ஆண்டுக்கு மேல் பிரெஞ்சுத் தேசியவாதத்தின் தலைமைப் பூசாரியாக இருந்தார். 1940-ல் ஜெர்மனி பிரான்சை விழுங்கியபோது சரணடைந்த விஷி அரசாங்கத்தின் பக்கம் நின்றார். 1945 ஜனவரியில் எதிரிக்கு உடந்தையாக இருந்த குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பைக் கேட்டதும் "இது டிரைஃபஸின் பழிவாங்கல்" என்று கத்தினாராம். டிரைஃபஸின் பேத்தி மதலின் லெவி அதற்கு ஒரு வருடம் முன்பே, எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்து பிடிபட்டு, அவுஷ்விட்ஸில் இறந்துபோயிருந்தார். வாழ்நாளெல்லாம் துரோகிகளைத் தேடிக்கொண்டிருந்தவர் துரோகக் குற்றத்துக்கு உள்ளே போகிறார், துரோகி என்று அவர் சொன்ன குடும்பத்தின் பெண் நாட்டுக்காகச் சாகிறாள். இதைக் கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

மோராஸ் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். அவர் நேசித்தது தன் மனதில் வரைந்து வைத்திருந்த ஒரு பிரான்சை. உண்மையான பிரான்ஸ் அந்தப் படத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் படத்தைத் திருத்துவதற்குப் பதில் நாட்டிலிருந்து ஆட்களைக் கழிக்க ஆரம்பித்தார். யூதர்களைக் கழி, புராட்டஸ்டன்டுகளைக் கழி, வெளியிலிருந்து வந்தவர்களைக் கழி, குடியரசுக்காரர்களைக் கழி. கடைசியில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற எதிரியோடு கைகோத்தாலும் அவருக்கு அது பிரான்சாகவே தெரிந்திருக்கும். தேசியவாதிகள் பலர் நாட்டைவிடச் சின்னதான எதையோ நேசிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த உணர்ச்சி ஆதிகாலத்திலிருந்து ரத்தத்தில் ஓடுவது என்று நம்புபவர்களுக்கு ஒரே ஒரு தகவல். 1861-ல் இத்தாலி ஒன்றானபோது அன்றாடம் இத்தாலிய மொழி பேசியவர்கள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர்தான் இருக்கும் என்று ஒரு புகழ்பெற்ற கணக்கு சொல்கிறது. பள்ளிக்கூடமும் வரைபடமும் கட்டாய ராணுவ சேவையும் சேர்ந்துதான் மிச்சப் பேரை இத்தாலியர்களாக்கின. செய்யப்பட்ட ஒன்று என்பதால் பொய் என்று நான் சொல்லவில்லை, கல்யாணமும் செய்துவைக்கப்படுவதுதான். ஆனால் செய்தவர்கள் யார், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

சரி, போருக்கு வருவோம். வெட்கம் முதலில் சாவது அங்கேதான்.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவின் நகரங்களில் கூட்டம் கூடிக் கொண்டாடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். போருக்கு எதிராகத் தொழிலாளர்களை ஒன்றுசேர்க்க முயன்ற பிரெஞ்சுச் சோஷலிசத் தலைவர் ஜான் ஜோரெஸை ஜூலை 31 அன்று பாரிஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் தன்னைத் தேசபக்தன் என்றுதான் சொல்லிக்கொண்டான். 1919-ல் ஜூரி அவனை விடுதலையும் செய்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, உலகத் தொழிலாளர் ஒற்றுமை என்று அதுவரை தொண்டை வற்றப் பேசிய கட்சி, நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. டிசம்பரில் மறுபடி ஓட்டெடுப்பு வந்தபோது எதிர்த்து ஓட்டளித்தவர் ஒரே ஒருவர், கார்ல் லீப்னெக்ட். பிரிட்டனில் சீருடை இல்லாமல் தெருவில் போகும் ஆண்களின் சட்டையில் பெண்கள் வெள்ளை இறகு குத்திவிட்டார்கள், கோழை என்பதற்கு அடையாளமாக. விடுப்பில் வந்த சிப்பாய்களுக்கும் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கும்கூட அந்த இறகு கிடைத்தது. வெட்கம் என்று நான் எதைச் சொல்கிறேனோ அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்ட காரியம் இது. நாடு செய்வதைப் பார்த்துக் கூச வேண்டிய மனசாட்சியைப் பிடித்து, சாகப் போகாததற்காகக் கூசும்படி செய்துவிட்டார்கள்.

எடித் கவெல் என்ற ஆங்கிலேய நர்ஸின் கதையும் அப்படித்தான். ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பிரசெல்ஸில் சுமார் 200 நேச நாட்டுச் சிப்பாய்கள் தப்பிப்போக உதவினார், பிடிபட்டார், 1915 அக்டோபர் 12 அன்று சுடப்பட்டார். முந்தின இரவு தன்னைப் பார்க்க வந்த பாதிரியாரிடம், நாட்டுப்பற்று மட்டும் போதாது, யார்மேலும் எனக்கு வெறுப்போ கசப்போ இருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டு, இவளுக்காகப் பழிதீர்க்க வாருங்கள் என்று ஆள் சேர்த்தது அவருடைய சொந்த நாடு. 1920-ல் லண்டனில் அவருக்குச் சிலை திறந்தபோது அந்த வார்த்தைகள் அதில் இல்லை. பெண்கள் அமைப்பு ஒன்று கேட்டுக்கொண்ட பிறகு 1924-ல்தான் அடியில் பொறித்தார்கள். போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, அதற்குள் அந்த வார்த்தைகளால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போயிருந்தது.

இதெல்லாம் தானாக நடப்பதில்லை. நூரம்பர்க் சிறையில் இருந்த நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கிடம் 1946-ல் அமெரிக்க உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட் பேசிக் குறிப்பெடுத்திருக்கிறார். சாதாரண ஜனங்கள் எந்த நாட்டிலும் போரை விரும்புவதில்லை என்று கோரிங் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர்களை இழுத்துவருவது சுலபம், நாடு தாக்கப்படுகிறது என்று சொல்லு, அமைதி பேசுபவனைத் தேசப்பற்று இல்லாதவன், நாட்டை ஆபத்தில் தள்ளுகிறவன் என்று தூற்று, போதும், எந்த நாட்டிலும் இது வேலை செய்யும் என்கிறார். ஜனநாயகத்தில் அப்படி நடக்காதே என்று கில்பர்ட் மறுத்துப் பார்க்கிறார். அதனால் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் கோரிங்கின் பதில். அந்த ஆளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் தொழில் தெரிந்தவன் சொல்கிறான்.

அந்தத் தொழில் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று பார்க்க அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டும். 1976-லிருந்து அங்கே ராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போன ஆட்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவே இல்லை. பின்னால் வந்த விசாரணை ஆணையம் கிட்டத்தட்ட 9,000 பேரைப் பதிவு செய்தது, மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. விலைவாசி நூறு சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. 1982 மார்ச் 30 அன்று தொழிற்சங்கங்கள் அமைதி, ரொட்டி, வேலை என்று கேட்டுத் தலைநகரில் ஊர்வலம் போனபோது போலீஸ் அடித்து நொறுக்கியது. மூன்றாவது நாள், ஏப்ரல் 2, பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளில், அவர்கள் மால்வினாஸ் என்று சொல்லும் தீவுகளில், ராணுவம் இறங்கியது. அதே தலைநகரில், அதே பிளாசா டி மாயோ சதுக்கத்தில் ஜனவெள்ளம். அடி வாங்கியவர்கள், அடித்தவர்களின் தலைவரான ஜெனரல் கால்டியேரி மாடத்தில் வந்து நின்றபோது கைதட்டினார்கள். மூன்று நாள்தான் இடைவெளி! தீவுகள்மேல் அர்ஜென்டினாவின் உரிமை நியாயமானதா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. அந்தக் கோரிக்கை பழையது, ஜெனரல்களுக்கு முன்பே இருந்தது, ஆட்சியை வெறுத்தவர்களும் மனதார நம்பியது. நம்பிக்கை உண்மையாக இருந்ததால்தான் அதைத் திருட முடிந்தது.

அந்தச் சதுக்கத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது. காணாமல்போன பிள்ளைகளின் அம்மாக்கள், வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு 1977-லிருந்து அங்கே சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள். போர்க் கொண்டாட்டத்தின் நடுவே அவர்கள் ஒரு பதாகை பிடித்தார்கள்: "மால்வினாஸ் அர்ஜென்டினாவுடையது, காணாமல்போனவர்களும்தான்." இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு வரியை நான் எங்கேயும் படித்ததில்லை. அவர்கள் தீவு வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடியை எரிக்கவில்லை, நீங்கள் சொல்லும் "நம்முடையது" என்ற வார்த்தையை முழுக்கச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்றார்கள். அவர்களைத்தான் தேச விரோதிகள் என்றார்கள்.

தீவில் குளிரில் கிடந்தவர்களில் பலர் கட்டாய சேவைக்கு வந்த 19 வயதுப் பையன்கள், வெயில் பிரதேசமான வடக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் நிறைய. சரியான உடை இல்லை, சாப்பாடு போய்ச் சேரவில்லை. பசியில் ஆடு பிடித்துத் தின்றதற்காகச் சொந்த அதிகாரிகளே கை கால்களை முளையில் கட்டி ஈரத் தரையில் கிடத்திய சம்பவங்களைப் பின்னால் அந்தப் பையன்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஜூன் 14 அன்று சரணாகதி. அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டன் தரப்பில் 255 பேர், தீவுவாசிகள் மூன்று பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களை ஜனங்கள் கண்ணில் படாமல் கொண்டுவந்து, பார்த்ததை வெளியே பேச மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தேசத்தின் வீரர்கள் என்று இரண்டு மாதம் முன்பு பாட்டுப் பாடிய ஆட்கள்தான்.

ஜெயித்த பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது. பிபிசி தன் செய்திகளில் "நம் படைகள்" என்று சொல்லாமல் "பிரிட்டிஷ் படைகள்" என்று சொன்னதையே துரோகம் என்று பத்திரிகைகளும் ஆளும் கட்சிக்காரர்களும் கிழித்தார்கள். போர் முடிந்து செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடந்தபோது, கேன்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி இரண்டு பக்கமும் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தித்தார், அதற்கும் ஆளும் கட்சியில் கோபம். ரன்சி சாமானியரும் இல்லை, இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் சண்டை போட்டு வீரப் பதக்கம் வாங்கியவர். அவரைத் திட்டியவர்கள் எல்லாரும் டாங்கியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. போர்முனையை நெருங்க நெருங்க எதிரிமேல் இருக்கும் வெறி குறைந்துகொண்டே போவதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

தீவில் இறந்துகிடந்த அர்ஜென்டினாச் சிப்பாய்களை 1983-ல் தேடியெடுத்து முறையாகப் புதைத்தவர் ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி. பெயர் தெரியாத உடல்களை, பின்னால் யாராவது அடையாளம் காண வசதியாக, பத்திரமாகச் சுற்றி, விவரங்களைக் குறித்துவைத்துப் புதைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2017-ல், செஞ்சிலுவைச் சங்கம் அந்தக் கல்லறைகளைத் திறந்தது. மரபணுச் சோதனை செய்தது அர்ஜென்டினாவின் தடய மானுடவியல் குழு. ராணுவ ஆட்சி கொன்று புதைத்தவர்களின் எலும்புகளை அடையாளம் காண்பதற்காக 1984-ல் உருவான அதே குழு. நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்குப் பெயர் கிடைத்தது. அம்மாக்களின் பதாகையில் இருந்த இரண்டு பகுதியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தன என்று எனக்குத் தோன்றும்.

நாட்டுப்பற்றை நிரூபிக்கச் சொல்லி யாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பான்மையிடம் யாரும் கேட்பதில்லை. 1942-ல் அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளி ஆட்கள் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். அடைத்துவைத்த பிறகு, 1943-ல், ஒரு படிவம் கொடுத்தார்கள். ராணுவத்தில் போரிடத் தயாரா, ஜப்பான் சக்கரவர்த்தி மீதான விசுவாசத்தைத் துறக்கிறாயா என்று இரண்டு கேள்வி. முதல் தலைமுறை ஆட்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கச் சட்டமே அப்போது இடம் தரவில்லை, ஜப்பானையும் துறந்தால் எந்த நாடும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து கலிஃபோர்னியாவைத் தவிர வேறெதையும் அறியாத பையனுக்கோ, இல்லாத விசுவாசத்தைத் துறக்கச் சொன்னால் என்ன எழுதுவது? அப்பா அம்மாவை வேலிக்குள் விட்டுவிட்டுப் பல பையன்கள் போருக்குப் போனார்கள். அவர்களுடைய 442-வது ரெஜிமென்ட், அளவுக்கும் காலத்துக்கும் பார்த்தால் அமெரிக்க ராணுவத்திலேயே அதிகப் பதக்கம் வாங்கிய படை. ஃபிரெட் கோரமட்சு என்பவர் வேறு வழியில் போனார். முகாமுக்குப் போக மாட்டேன் என்று சட்டத்தோடு மோதி 1944-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர்மேல் இருந்த தண்டனை 1983-ல்தான் ரத்தானது. 1988-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தாமதம்தான், தொகையும் சின்னதுதான். ஆனாலும் ஒரு நாடு தன் சட்டப்புத்தகத்தில் தன் வெட்கத்தை எழுதிவைத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அடுத்தவன் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடக்கும் மக்களிடம் போய் வெட்கப்படு என்று சொல்வது கேலி இல்லையா? கேலிதான். உன் மொழி மட்டம், உன் நிறம் மட்டம், உனக்கு ஆளத் தெரியாது என்று நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெட்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஊட்டப்பட்டிருக்கிறது, அவர்களுக்குப் பெருமைதான் மருந்து. காலனி நாடுகளின் தேசியவாதம் செய்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொடி ஏறிய மறுநாள்தான் என் கேள்வி ஆரம்பமாகிறது. நேற்றுவரை வாங்கிய அடியின் பெயரால் இன்று உள்ளே இருக்கும் சின்னக் குழுவை அடிக்கலாம் என்று தோன்றும்போது அந்தப் பழைய மருந்து போதையாகிவிடுகிறது.

பற்று வெறும் ஏமாற்று என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பின்லாந்தைப் பாருங்கள். 1918-ல் உள்நாட்டுப் போர், செஞ்சேனைக்கும் வெண்சேனைக்கும். முப்பது லட்சம் சொச்சம் பேர் இருந்த நாட்டில் சுமார் 38,000 பேர் செத்தார்கள், அதில் ஏராளமானோர் தோற்ற தொழிலாளர் பக்கத்துக் கைதிகள், முகாம்களில் பசியாலும் நோயாலும் செத்தவர்கள். இருபத்தோரு வருஷம் கழித்து, 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லை தாண்டியது. மாஸ்கோ ஒரு பொம்மை அரசாங்கத்தையும் தயாராக வைத்திருந்தது, பின்லாந்துத் தொழிலாளர்கள் பழைய பகையில் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நம்பி. வரவில்லை. தோற்றவர்களின் பிள்ளைகளும் ஜெயித்தவர்களின் பிள்ளைகளும் ஒரே பதுங்குகுழியில் 105 நாள் நின்றார்கள். இதைத் தேசத்தின் மந்திரம் என்று சிலாகிப்பவர்கள் இடையில் இருந்த இருபது வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். குத்தகைக்காரர்கள் தாங்கள் உழுத நிலத்தை வாங்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. தோற்ற கட்சியான சமூக ஜனநாயகவாதிகள் 1919 தேர்தலிலேயே 200 இடத்தில் 80 பிடித்தார்கள், 1926-ல் அரசாங்கமே அமைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குத் தடை இருந்தது, கசப்பும் இருந்தது, ஆனாலும் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருந்தது. சிப்பாய்க்குக் கொடி மட்டும் கொடுத்திருந்தால் அப்படி நின்றிருப்பானா என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதே பின்லாந்து 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து பழைய எல்லையையும் தாண்டிக் கிழக்குக் கரேலியாவுக்குள் போனது, அங்கே ரஷ்யப் பொதுமக்களை முகாம்களில் அடைத்தது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே ஆட்கள், அதே பற்று, நடுவே இரண்டு வருஷம்கூட இல்லை.

வெட்கம் என்று இவ்வளவு பேசியாயிற்று, அதிலும் நாடகம் போடுபவர்கள் உண்டு. தன் நாட்டைத் திட்டுவதையே ஒரு அந்தஸ்தாக வைத்துக்கொண்டு, நான் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று காட்டிக்கொள்பவர்கள். அவர்களுக்கு வெட்கமே இல்லை என்பேன், ஏனென்றால் வெட்கப்பட முதலில் "நாம்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் "இவர்கள்" என்கிறார்கள்.

வில்லி பிராண்ட் அப்படிச் சொல்லாதவர். ஹிட்லர் வந்ததும் 1933-ல் நார்வேக்குத் தப்பிப்போனவர், நாஜிகள் குடியுரிமையைப் பறித்த ஆள், அந்தக் குற்றங்களில் அவருக்கு ஒரு துளி பங்கும் கிடையாது. மேற்கு ஜெர்மனியின் தலைவராக 1970 டிசம்பர் 7 அன்று வார்சா யூதர் குடியிருப்பு நினைவிடத்தில் மண்டியிட்டவர் அவர். மண்டியிட வேண்டிய எத்தனையோ பேர் வீட்டில் உட்கார்ந்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் ஜெர்மானியர்கள் இது மிகை என்றார்கள், 41 சதவீதம் சரி என்றார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் 1961-ல் அவர் ஆட்சித் தலைவர் பதவிக்கு முதன்முறை போட்டியிட்டபோதே ஆளும் அணியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோசெப் ஸ்ட்ராஸ் மேடையில் கேட்டார்: வெளியே இருந்த பன்னிரண்டு வருஷம் நீங்கள் என்ன செய்தீர்கள்? நாங்கள் உள்ளே என்ன செய்தோம் என்று எங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன செய்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். அதைச் சொல்லிக் கூசாமல் ஓட்டுக் கேட்க முடிந்தது, அந்தத் தேர்தலில் பிராண்டின் கட்சி தோற்றது, அவர் ஆட்சித் தலைவராக இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.